காரைக்குடியில் ஒரு காந்தக் கணக்குப் பட்டறை வேண்டும்: அறக்கட்டளைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஊர்களில் கல்வி அறக்கட்டளைகளை நடத்திவரும் பெரியவர்களுக்கும், அவற்றின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மார், ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியன் எழுதுகிறேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணுக்கரு இணைவுக்கான 'ஸ்டெல்லரேட்டர்' என்ற காந்தக் கலனை வடிவமைக்கும் கணக்குக்கென்று நம் ஊரில் ஒரு சிறு ஆய்வுக் குழு வேண்டும். நான்கு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு நல்ல கணினி, ஐந்து ஆண்டு. புதுக் கட்டடம் வேண்டாம். அடிக்கல்லும் கல்வெட்டும் திறப்பு விழாவும் வேண்டாம். இருக்கிற கல்லூரிகளில் ஒரு அறை காலியாக இருந்தால் அதுவே போதும்.

"உலை, கிலை என்று ஏதோ சொல்கிறாரே, சிவகங்கைச் சீமைக்கும் அதற்கும் என்ன?" என்று கேட்பீர்கள். 1948 ஜூலை 25 அன்று நேரு இங்கே வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் வைத்தபோதும் இதையே கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்திருக்காவிட்டால் அந்த ஆய்வகம் வேறெங்காவது போயிருக்கும். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துறைமுகமோ பெருந்தொழிற்சாலையோ பக்கத்தில் இல்லாத செம்மண் ஊரில் தேசிய ஆய்வகம் ஒன்று எழுபது ஆண்டுகளாக நடக்கிறது. அவர் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்கு துணிச்சலைத்தான் உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் இயற்பியல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்பவன் எதற்கென்று விளக்கமாகச் சொல்லவேண்டும் அல்லவா?

டியூட்டிரியம், டிரிட்டியம் என்பவை ஹைட்ரஜனின் கனத்த வகைகள். இவ்விரண்டின் கருக்களும் இணைந்தால் ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் பிறக்கும். ஹீலியம் 3.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடும், நியூட்ரான் 14.1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடும் பாயும். எரிபொருள் எடை கொஞ்சம், ஆற்றல் ஏராளம், புகை கிடையாது. சிக்கல் என்னவென்றால் நேர்மின் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறி அவை இணைய, வாயுவை 10 கோடி டிகிரிக்கும் மேலே சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அணுக்கள் எலக்ட்ரான் வேறு கரு வேறாகப் பிரிந்து பிளாஸ்மா ஆகிவிடும். அதை வைத்திருக்க எந்தப் பாத்திரமும் தாங்காது. ஆனால் மின்னேற்றத் துகள்கள் காந்தப் புலக்கோட்டைச் சுற்றிச் சுற்றியே ஓடும். குறுக்கே எளிதில் தாண்டாது. ஆகவே காந்தப்புலத்தையே பாத்திரமாக்கலாம்.

நேரான குழாயாகச் செய்தால் இரண்டு முனையிலும் ஒழுகும். வளைத்து முனைகளைச் சேர்த்து உளுந்து வடை வடிவம் ஆக்கிவிட்டால் முனையே இல்லை. இங்கேதான் முதல் தடங்கல். வடையின் ஓட்டைப் பக்கம் புலம் வலுவாகவும் வெளிப்பக்கம் மெலிவாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தாழ்வினால் நேர்மின் துகள்கள் மேலேயும் எதிர்மின் துகள்கள் கீழேயும் மெல்ல நகரும். மேலும் கீழும் மின்னூட்டம் பிரிந்தால் நடுவே ஒரு மின்புலம் உண்டாகி, பிளாஸ்மா முழுவதையும் வெளிச்சுவரை நோக்கித் தள்ளிவிடும். கண்ணிமைக்கும் நேரம்கூடத் தேவையில்லை.

இதற்குத் தீர்வு, புலக்கோடுகளை முறுக்குவது. ஒவ்வொரு கோடும் வளையத்தைச் சுற்றிவரும்போதே மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சென்றால், மேலே சேர்ந்த மின்னூட்டமும் கீழே சேர்ந்ததும் கோட்டின் வழியே ஓடிச் சரிக்கட்டிவிடும். முறுக்கை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் உலகம் இரண்டு வழியாகப் பிரிந்தது.

சோவியத் நாட்டார் தேர்ந்தது டோக்காமக். பிளாஸ்மாவுக்குள்ளேயே பெரிய மின்னோட்டத்தை ஓடவிட்டால், அது தரும் காந்தப்புலம் கோடுகளை முறுக்கும். அமெரிக்காவில் லைமன் ஸ்பிட்சர் 1951இல் எண்ணியது வேறு: உள்ளே மின்னோட்டமே வேண்டாம், வெளியே இருக்கும் மின்கம்பிச் சுருள்களின் வடிவத்தாலேயே முறுக்கு வரட்டும். அதுதான் ஸ்டெல்லரேட்டர். பிரின்ஸ்டனில் அவர் முதலில் வளையத்தை 8 என்ற எண் போல முறுக்கினார். ஆனால் 1968இல் ரஷ்யர்களின் டி-3 டோக்காமக் அப்போதைய ஸ்டெல்லரேட்டர்கள் நெருங்கமுடியாத சூட்டைக் காட்டியது. நம்பாத பிரிட்டிஷ் குழு ஒன்று லேசர் கருவியோடு மாஸ்கோ போய் 1969இல் அளந்து பார்த்தது. உண்மைதான். அதோடு பிரின்ஸ்டன்காரர்களே தங்கள் ஸ்டெல்லரேட்டரை டோக்காமக்காக மாற்றிவிட்டார்கள்.

இந்தியாவும் அந்த வழியில்தான் நடக்கிறது. காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதித்யா 1989 முதல் ஓடுகிறது. அங்கேயே, மின்தடையே இல்லாத மீக்கடத்திச் சுருள்கள் கொண்ட எஸ்.எஸ்.டி-1 இருக்கிறது. பிரான்சில் பல நாடுகள் சேர்ந்து எழுப்பும் ஐட்டர் என்ற பெரிய டோக்காமக்கில் நாம் பங்குதாரர். அதன் ராட்சதக் குளிர்கலனின் பகுதிகளைச் செய்து அனுப்பியது நம் நாடு. பெருமைக்குரிய வேலை. அதைக் குறை சொல்ல நான் யார்?

ஆனால் டோக்காமக்கின் அடிப்படைக் குறை அதன் மின்னோட்டத்திலேயே இருக்கிறது. ஐட்டரில் அது ஒன்றரைக் கோடி ஆம்பியர் வரை போகவேண்டும். அந்த ஓட்டம் நிலைகுலைந்து திடீரென்று அறுந்தால் வெப்பமும் விசையும் நொடியின் சிறு பங்குக்குள் சுவரில் இறங்கும். தவிர, மின்மாற்றி முறையில் தூண்டப்படும் ஓட்டத்தை முடிவில்லாமல் ஓட்டமுடியாது. விட்டுவிட்டுத்தான் ஓட்டலாம், அல்லது வேறு வழிகளில் ஆற்றலைச் செலவழித்துத் தாங்கிப் பிடிக்கவேண்டும். மின்நிலையம் என்பது இரவு பகலாக ஓடவேண்டியது. ஸ்டெல்லரேட்டரில் அந்தப் பெரிய ஓட்டமே இல்லை என்பதால் அது அறுந்துபோகும் ஆபத்தும் இல்லை. சுருளில் மின்சாரம் இருக்கும்வரை காந்தக் கூடு இருக்கும்.

அப்படியானால் ஏன் முப்பது நாற்பது ஆண்டுகள் அதை ஓரங்கட்டினார்கள்? என் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இந்தக் கடிதத்தின் உயிரும் இதற்கான விடையில்தான் இருக்கிறது.

டோக்காமக்கை எந்தக் கோணத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும். வளையத்தைச் சுற்றிச் சமச்சீர். 1918இல் எம்மி நோய்தர் நிறுவிய கணிதத் தேற்றத்தின்படி, சமச்சீர் இருக்கும் இடத்தில் மாறாத அளவு ஒன்று இருக்கும். டோக்காமக்கில் அந்த மாறா அளவு துகளைக் கட்டிப்போடுகிறது. புலம் மெலிந்த பகுதியில் சிக்கி முன்னும் பின்னும் ஆடும் துகள்கூட, வெளியே போன தூரம் அளவுக்கு உள்ளே திரும்பிவிடும். ஸ்டெல்லரேட்டரில் அந்தச் சமச்சீர் இல்லை. ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு வடிவம். அங்கே சிக்கிய துகள் ஆடிக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்து வெளியேறிவிடும். சூடு கூடக்கூட மோதல் குறையும்; மோதல் குறையக்குறைய கசிவு கூடும். உலைக்கு வேண்டிய சூட்டில்தான் கசிவு மிக மோசம். எரிந்து பிறக்கும் ஹீலியம் கருக்கள் தங்கியிருந்து பிளாஸ்மாவைச் சூடாக்கவேண்டும். அவையும் ஓடிப்போனால் எரிவதே நின்றுவிடும்.

இந்த முட்டுச்சந்தைத் திறந்தது காகிதமும் பென்சிலும். 1980களின் தொடக்கத்தில் ஆலன் பூசர் என்ற இயற்பியலாளர் ஒரு உண்மையைக் கண்டார். தகுந்த ஆயத்தொலைவு முறையில் எழுதினால், துகளின் நகர்வு புலத்தின் திசையைப் பொறுத்ததல்ல, அதன் வலிமையை மட்டுமே பொறுத்தது. அதாவது கலனின் வடிவம் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும், புலத்தின் வலிமை மட்டும் ஒரு திசையில் மாறாமல் இருந்தால் துகளுக்கு அது சமச்சீரான கலன்தான். கண்ணுக்குத் தெரியாத சமச்சீர். அப்படி ஒரு வடிவம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. 1988இல் ஜெர்மனியில் நியூரன்பெர்க்கும் சில்லேயும் கணினியில் தேடி ஒன்றைப் பிடித்துக் காட்டினார்கள். 1991இல் கேரனும் பூசரும் ஒரு தடையைச் சொன்னார்கள்: கலன் முழுவதும் இம்மியும் பிசகாத மறைசமச்சீர் கிடைப்பது அரிது, ஏனென்றால் நிறைவேற்றவேண்டிய நிபந்தனைகள் கையில் இருக்கும் சுதந்திரத்தைவிட அதிகம். முழுத் துல்லியம் அநேகமாக முடியாது, நெருங்கலாம். எவ்வளவு நெருங்கலாம்?

முப்பது ஆண்டுகள் கழித்து, 2022 தொடக்கத்தில், மாட் லேண்ட்ரிமன், எலிசபெத் பால் என்ற இரு ஆய்வாளர்கள் விடை வெளியிட்டார்கள். சராசரிப் புலம் ஒரு டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) என்றால், சமச்சீரைக் கெடுக்கும் பிசகு பூமியின் சொந்தக் காந்தப்புலத்தைவிடச் சிறியது. பூமியின் புலம் ஏறக்குறைய 50 மைக்ரோடெஸ்லா, அதாவது டெஸ்லாவின் பத்து லட்சத்தில் 50 பங்கு. திசைகாட்டி முள்ளை அசைக்கும் அளவு, அவ்வளவே. இந்தக் கட்டுரையை நான் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. புது உலோகம் இல்லை, புது இயந்திரம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சமன்பாடுகள், பொதுவில் கிடைக்கும் நிரல்கள், எதைத் தேடவேண்டும் என்ற தெளிவு. அவ்வளவில் முப்பது ஆண்டுக் கேள்வி ஒன்று விழுந்தது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். பணம் எதற்குப் போகிறது என்று அப்போதுதான் புரியும். பிளாஸ்மாவின் வெளி எல்லையைச் சில பத்து முதல் சில நூறு எண்களால் எழுதிவிடலாம். ஃபூரியர் கெழுக்கள் என்று பட்ட வகுப்பில் சொல்லித்தருவோமே, அவைதான். அந்த எண்களைக் கொடுத்தால் உள்ளே அழுத்தமும் காந்தவிசையும் எப்படிச் சமநிலையில் நிற்கும் என்று ஒரு நிரல் கணக்கிடும். 1983இல் ஹிர்ஷ்மனும் விட்சனும் எழுதிய வீமெக் என்ற நிரலே இன்றும் பலர் கையில் இருக்கிறது. வந்த விடையைப் பார்த்து மதிப்பெண் போடவேண்டும். சமச்சீர் எவ்வளவு கெட்டிருக்கிறது? முறுக்கு போதுமா? வேகமான துகள்கள் எத்தனை தப்புகின்றன? பிளாஸ்மா வெளியே பிதுங்கப் பார்த்தால் காந்தப்புலம் அதை உள்ளே திருப்பித் தள்ளுமா? அழுத்தம் ஏறும்போது சில இடங்களில் மேற்பரப்பு பலூன் போலப் புடைக்குமா? அழுத்தச் சரிவினால் பிளாஸ்மாவில் தானாகவே எழும் மின்னோட்டம் முறுக்கைக் கலைத்துவிடுமா? இத்தனைக்கும் சேர்த்து ஒரு மதிப்பெண். பிறகு எண்களைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கணக்கு. ஆயிரக்கணக்கான முறை. ஒரு குணத்தைச் சீராக்கினால் இன்னொன்று கெடும் என்பதால், எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற தீர்ப்புதான் இதில் மனித வேலை. கணினி வேகமானது, எதைக் கேட்பது என்று அதற்குத் தெரியாது.

இதற்குள்ளேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. புலக்கோடு எத்தனை சுற்றுக்கு எத்தனை முறை முறுக்கிக்கொள்கிறது என்ற விகிதம் எளிய பின்னமாக விழும் இடங்களில், மேற்பரப்பு கிழிந்து காந்தத் தீவுகள் உண்டாகும். நடுவில் வந்தால் வெப்பம் அவற்றின் வழியே ஒழுகும். ஆனால் ஜெர்மானியர்கள் அதே தீவுகளை விளிம்பில் வேண்டுமென்றே உண்டாக்கி, கழிவு வெப்பத்தைக் குறிப்பிட்ட தட்டுகளுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலாகப் பயன்படுத்துகிறார்கள்.

எல்லை வடிவம் கிடைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தப் புலத்தை உண்டாக்கும் சுருள்களைக் கண்டுபிடிப்பது மறுபாதி. சுருள் தெரிந்தால் புலத்தைக் கணிப்பது பிளஸ் டூ பாடம், பயோ–சவார் விதி. புலம் தெரிந்து சுருளைத் தேடுவது தலைகீழ்க் கணக்கு. விடை ஒன்றல்ல, கணக்கற்றவை, பெரும்பாலானவை செய்யவே முடியாத கோணல்கள். புலத்தின் நுண்ணிய நெளிவுகள் தூரம் போகப்போக வேகமாக மங்கிவிடும். ஆகவே சுருளைத் தள்ளிவைத்தால் அதை மிகையாக நெளித்தாக வேண்டும். நெருக்கி வைப்போம் என்றால் அதுவும் முடியாது. உலையில் நியூட்ரானைத் தடுக்கவும் டிரிட்டியத்தைப் பெருக்கவும் பிளாஸ்மாவுக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். அந்த ஒரு மீட்டர்தான் பெரும்பாலும் முழு உலையின் அளவையும் விலையையும் தீர்மானிக்கிறது.

இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரின்ஸ்டனில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. என்.சி.எஸ்.எக்ஸ் என்ற ஸ்டெல்லரேட்டரின் 18 நெளிசுருள்களும் தயாராகியிருந்த நிலையில், துல்லியத் தேவையால் செலவும் காலமும் ஏறிக்கொண்டே போக, 2008 மே மாதம் அமெரிக்க எரிசக்தித் துறை திட்டத்தையே நிறுத்தியது. இயற்பியல் தோற்கவில்லை. கொல்லனையும் கணக்கரையும் கேட்காமல் வரைந்த வடிவம் அது என்பது என் கருத்து. இன்றைய ஆய்வு முழுக்க இந்த இடத்தில்தான் மையம் கொண்டிருக்கிறது: பிளாஸ்மா நன்றாக இருக்கவேண்டும், சுருளும் எளிதாக இருக்கவேண்டும், பட்டறையில் சில மில்லிமீட்டர் பிசகினாலும் பாழாகக்கூடாது. இரண்டு பாதிகளையும் தனித்தனியே செய்யாமல் ஒன்றாகவே தேடும் முறைகள் இப்போதுதான் வளர்கின்றன.

விடாமல் முடித்தவர்கள் வட ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட்டில் இருக்கிறார்கள். அவர்களின் ஸ்டெல்லரேட்டரான வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் 1980களில் கணினியில் பிறந்த வடிவம். 50 நெளிசுருள்கள், 20 தட்டைச் சுருள்கள், எல்லாமே திரவ ஹீலியத்தில் குளிர்ந்த மீக்கடத்திகள். பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல் கோர்த்தார்கள். 2006இல் ஓடவேண்டியது 2015 டிசம்பரில்தான் ஓடியது. புலம் கணித்தபடி வந்திருக்கிறதா என்று அளந்தபோது பிசகு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துகள் கசிவும் வடிவமைப்பாளர்கள் சொன்னபடியே குறைந்திருக்கிறது என்று 2021இல் உறுதிசெய்தார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு பிளாஸ்மாவை எட்டு நிமிடம் தாங்கி 1.3 கிகாஜூல் ஆற்றலைச் செலுத்தினார்கள். 2025இல் அது 1.8 ஆனது. அதே ஆண்டு மே மாதம், அடர்த்தி, வெப்பநிலை, ஆற்றல் தங்கும் நேரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனில் நீண்ட பிளாஸ்மாக்களுக்கான சாதனையை 43 நொடி நிறுத்திக்காட்டினார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. பழைய கசிவை அடைத்ததும் அதன் பின்னால் ஒளிந்திருந்த கொந்தளிப்பு தெரியவந்தது. அயனிகளின், அதாவது எலக்ட்ரானை இழந்த கருக்களின், சூடு ஒரு வரம்புக்கு மேல் ஏற மறுக்கிறது. உறைந்த ஹைட்ரஜன் குண்டுகளை உள்ளே சுட்டு அடர்த்தியின் சரிவை மாற்றினால்தான் ஏறுகிறது. கொந்தளிப்பையும் குறைக்கும் வடிவம் எது என்பது திறந்த கேள்வி. ஆக, இப்போது நுழைபவர்கள் பந்தி முடிந்து வந்தவர்கள் அல்லர்.

இதைக் காரைக்குடியில் செய்யமுடியுமா என்பதுதான் மிச்சம். முடியும். சிம்சாப்ட், டெஸ்க் போன்ற வடிவமைப்பு நிரல்கள் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி திறந்திருக்கின்றன. 2025இல் முனிச்சின் பிராக்சிமா ஃபியூஷன் நிறுவனம், கணித்து வைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டெல்லரேட்டர் வடிவங்களைப் பொதுவில் வைத்துவிட்டது. இயந்திரக் கற்றல் படிக்கும் நம் பிள்ளைகள் சினிமா விமர்சனங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருக்காமல் இதில் கைவைக்கலாம். கலனின் நடு அச்சுக்கு அருகே மட்டும் கணிக்கும் சுருக்க முறை ஒன்று இருக்கிறது. லேண்ட்ரிமனோடு சேர்ந்து அதை வளர்த்தவர்களில் சென்குப்தா என்ற இந்தியரும் ஒருவர். என் பழைய மடிக்கணினியில் அது ஒரு நொடிக்குள் விடை தருகிறது. எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி அதில் ஒரு மாலைக்குள் நூற்றுக்கணக்கான வடிவங்களை அலசினாள். அவளுக்கு வழிகாட்ட நான் போதாதவன். இந்தக் கடிதம் எழுதக் காரணம் அதுவும்தான்.

கணினியோடு நிற்காமல் கையாலும் ஒன்று செய்யவேண்டும் என்பது என் ஆசை. நெளிசுருள் தேவையில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2004இல் ஓடத் தொடங்கிய ஸ்டெல்லரேட்டரில் நான்கே சுருள்கள், நான்கும் சாதாரண வட்டங்கள். இரண்டு ஒன்றுக்குள் ஒன்று கோத்தவை, இரண்டு மேலும் கீழும். அதன் மேசை அளவுப் பிரதியைச் செம்புக் கம்பியில் சுற்ற இங்குள்ள பொறியியல் பட்டறைகளால் முடியும். பிளாஸ்மாவே வேண்டாம். வெற்றிடக் கலனுக்குள் எலக்ட்ரான் கற்றையைப் புலக்கோட்டின் வழியே விட்டு, ஒளிரும் பூச்சுப் பூசிய கம்பியை அசைத்து, கேமராவைத் திறந்துவைத்தால், ஒன்றுக்குள் ஒன்றாக மூடிய மேற்பரப்புகள் படத்தில் விழும். வெண்டல்ஸ்டைனிலும் இப்படித்தான் அளந்தார்கள். அரை கோடிப் பேர் வாழும் கோஸ்டா ரிக்காவின் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று இதையும் தாண்டி, 2016இல் தன் சொந்தச் சிறு ஸ்டெல்லரேட்டரில் பிளாஸ்மாவையே உண்டாக்கியது. பெரிய நாடுகளுக்குத்தான் இது என்று இனி யாரும் சொல்லவேண்டியதில்லை.

இரண்டு ஆட்சேபங்கள் வரும் என்று தெரியும். வெயில் கொட்டும் நம் பூமியில் சூரியத் தகடு போட்டால் போதாதா? போடுங்கள், இன்றைக்கே போடுங்கள். உங்கள் வளவு வீட்டு மெத்தைகள் சும்மாதானே கிடக்கின்றன. இணைவு மின்சாரம் இந்தப் பத்தாண்டில் உங்கள் வீட்டுக்கு வராது. வரும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கேட்பது மின்சாரத்துக்கான முதலீடு அன்று, ஒரு கடினமான கணக்கை நம் பிள்ளைகள் உலகத்தோடு சேர்ந்து போடுவதற்கான செலவு.

மற்றொன்று, படித்து முடித்ததும் பிள்ளைகள் ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ பறந்துவிடுவார்கள் என்பது. போகட்டுமே. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இதற்கு நான் சமாதானம் சொல்லவேண்டுமா? போனவர்கள் அனுப்பிய பணத்தில்தான் கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் எழுந்தன, பள்ளிக்கூடங்களும் எழுந்தன. போகிறவர் போக, அடுத்த செட்டைப் பழக்க இரண்டு பேர் இங்கே இருந்தால் போதும்.

கொஞ்சம் கசப்பாகவும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஒரு கோரிக்கையோடு ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாடி, யார் பெயர் போடுவது என்ற இரண்டு கேள்விக்கு மேல் பேச்சு நகரவில்லை. மாடி இல்லை என்றதும் காபி வந்தது, பிறகு வழியனுப்பி வைத்தார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். கண்ணுக்குத் தெரிகிற கொடைக்குப் பழகிவிட்டோம், அவ்வளவே. ஆனால் வியாபாரத்தில் நூற்றுக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்த முன்னோர், அதை வேத பாடசாலைக்கும் ஏட்டைப் பதிப்பிக்கவும்கூடக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு மாடி இருந்ததா?

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்தொகை பார்க்காமல் நீங்கள் எதையும் ஒப்பமாட்டீர்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் முதலிரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. அதே அளவில் நான்கு பேருக்கு ஐந்தாண்டுக்குக் கொடுத்தால் 96 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. கணினிக்கும், ஆண்டுக்கு ஒருமுறை காந்திநகரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு வல்லுநர் வந்து சில வாரம் தங்கிச் சொல்லித்தருவதற்கும், செம்புச் சுருள் மேசைக் கருவிக்கும் மேற்கொண்டு ஆகும். தங்க இடத்துக்குக் கவலை இல்லை; பூட்டிக்கிடக்கும் வீடுகளில் ஒன்றின் முகப்பைத் திறந்துவிட்டால் வருகிறவர் திரும்பிப்போக மனம் வராது. ஒரே அறக்கட்டளை முழுவதையும் சுமக்கவேண்டாம். ஒரு மாணவருக்கு ஒரு ஊர் என்று நான்கு ஊர் பிரித்துக்கொள்ளலாம். குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று கணக்கிட்டுப் பங்கு வைப்பது உங்களுக்குப் புதிதா?

நிபந்தனைகளையும் நானே சொல்கிறேன். மாணவர் தேர்வில் சாதி, ஊர், சிபாரிசு எதுவும் நுழையக்கூடாது. வெளியூர்ப் பேராசிரியர்கள் மூவர் தேர்வுக் குழுவில் இருக்கவேண்டும். நான்கில் இரண்டு இடமாவது பெண்களுக்கு. எழுதும் நிரல் அனைத்தும் பொதுவில் வைக்கப்படவேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில், உலகம் வெளியிட்ட ஒரு வடிவத்தையாவது இங்கே மீண்டும் கணித்து, அதைவிட எளிய சுருளுக்கு ஒரு முயற்சியாவது காட்டியிருக்கவேண்டும். காட்டாவிட்டால் மூன்றாம் ஆண்டுப் பணத்தை நிறுத்திவிடுங்கள். குழுவின் தலைமைக்கு நான் வரமாட்டேன். இந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவரை விளம்பரம் கொடுத்து அழைக்கவேண்டும். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் மூன்று துறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவர்களைப் பேசவைக்க ஒரு காரணம்தான் இல்லை.

ஆடிப் பெருக்கு கழிந்து பல அறக்கட்டளைகளின் குழுக் கூட்டங்கள் வரும் என்று கேள்விப்பட்டேன். எந்த ஊர்க் கூட்டமானாலும், தேவகோட்டை ஆனாலும் கண்டனூர் ஆனாலும், அரை மணி நேரம் ஒதுக்கினால் மடிக்கணினியோடு வருகிறேன். நடு அச்சு நிரலைத் திரையில் ஓட்டுகிறேன். எண்களை நீங்களே மாற்றி, முறுக்கு எப்போது கூடுகிறது, சமச்சீர் எப்போது கெடுகிறது என்று பார்க்கலாம். அந்த எம்.எஸ்சி. மாணவியையும் அழைத்து வருவேன். என்னைவிட நன்றாக விளக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் வகுப்பில்லை.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியன்,
காரைக்குடி